நோயாளியோடு வந்தவரின் பசி



கண்டி பெரியாஸ்பத்திரி என்று நம் முதியோர் இன்றும் அழைக்கின்ற கண்டி தேசிய வைத்தியசாலையின் வாயில், நண்பகலில் பார்வையாளருக்காகத் திறக்கப்படும் காட்சியை நம்மில் அநேகர் கண்டிருப்போம். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை போன்ற அண்மைய ஊர்களைச் சேர்ந்தோர் கையில் சாப்பாட்டுக் கூடையுடன் விரைந்து உட்செல்வர். காலையில் வீட்டில் ஆக்கிய சோறு அவர்களுடைய நோயாளிக்கும் போதும், துணைக்கு நிற்பவருக்கும் போதும். அதே வாயிலின் ஓரத்தில் வேறு சிலரும் நிற்பர். அவர்களிடம் சாப்பாட்டுக் கூடை இராது. ஒரு பயணப் பையும், ஒரு பிளாஸ்க்கும், மடித்து வைத்த ஒரு விரிப்பும் மாத்திரமே இருக்கும். மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவுகளையும் கடந்து அம்பாறை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் இருப்பர். பதுளை மாவட்டத்தின் தோட்டங்களிலிருந்தும், திருகோணமலைக் கரையிலிருந்தும் வந்தவர்களும் இருப்பர்.

இவர்கள் நோயாளர்கள் அல்லர். நோயாளியைக் கொண்டு வந்தவர்கள். நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். விடுதியில் அனுமதிக்கப்பட்டவருக்கு மூன்று வேளை உணவும் கிடைக்கிறது. அது அல்லாஹ் இந்நாட்டு மக்களுக்கு அளித்த பேரருட்கொடைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், கட்டிலில் படுத்திருப்பவருக்குரிய அந்தக் கணக்கிலே, கட்டிலின் அருகே நிற்பவர் சேர்க்கப்படுவதில்லை. அவர் கடையில்தான் உண்ண வேண்டும். ஓரிரு நாட்களாயின் அதனைத் தாங்கிக்கொள்ளலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர் கிழமைக்கு ஐந்து நாட்கள் வீதம் பல கிழமைகள் வர வேண்டியிருக்கும். சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்தவரின் குடும்பம் அதனிலும் நீண்ட காலம் நகரத்தில் தங்க நேரிடும். இலங்கையின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017ஆம் ஆண்டு ஜூலையில் நடந்ததும் கண்டியில்தான். இத்தகைய பெரிய சிகிச்சைகளை நாடித் தூர இடங்களிலிருந்து மக்கள் வருவது இயல்பே. வருகின்றவர்களோடு ஒரு தாயும், ஒரு மனைவியும், ஒரு நானாவும் வரத்தான் செய்வர்.

அவர்கள் எப்படிச் சிக்கனம் பிடிக்கின்றனர் என்பதை ஒருமுறை நான் நேரிலே கண்டேன். பல வருடங்களுக்கு முன்னர் எனது வாப்பாவுக்குத் துணையாக ஒரு வைத்தியசாலையில் ஒன்பது நாட்கள் நின்றபோது, அடுத்த கட்டிலின் துணைவராக நின்ற பெரியவர் காலையில் ஒரு பணிஸ், மாலையில் ஒரு தேநீர் என்று நாளைக் கழித்தார். நோன்பா என்று கேட்டேன். சிரித்தார். ஊருக்குத் திரும்பும் பஸ் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார். அவர் ஊரிலே வயலுள்ளவர், பிறருக்கு நெல் கொடுத்துப் பழகியவர். அன்று அவரிடம் இருந்தது அந்தப் பஸ் கட்டணம் மட்டுமே. அக்காசும் தீர்ந்துவிடும் என்று அஞ்சும் குடும்பம், வைத்தியர் குறித்த நாளுக்கு முன்னரே நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பத் துணிகிறது. இலவசச் சிகிச்சையை இடையில் முறித்துவிடுவது பல வேளைகளில் மருந்தின் விலையன்று, துணைக்கு நிற்பவரின் சோற்றுச் செலவும் தங்குமிடச் செலவுமே.

இங்குதான் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒரு நுட்பமான விடயத்தைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். உணவளித்தல் என்றவுடன் நமது மனம் ஏழையைத் தேடுகிறது. அது பிழையன்று. ஆயினும், ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாரை அத்தவ்பா அத்தியாயத்தின் அறுபதாம் வசனம் குறிப்பிடும்போது, ஏழைகளுக்கும் வறியோருக்கும் புறம்பாக இப்னுஸ் ஸபீல் எனும் வழிப்போக்கரைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. ஊரிலே செல்வமுள்ளவராயினும், பயணத்தில் தன் செல்வத்தை அடைய முடியாது நிற்பவர் இதில் அடங்குவார் என்று சட்ட அறிஞர்கள் விளக்கியுள்ளனர். வயலுள்ள அந்தப் பெரியவர் கண்டியில் ஒரு வழிப்போக்கர். அவரிடம் சென்று, நீங்கள் ஏழையா என்று கேட்பதற்கு இடமே இல்லை.

இன்னொரு சம்பவமும் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃதா யுத்தத்தில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவை அடைந்தபோது, ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதற்கு அன்னார் சொன்ன காரணம் வறுமையன்று. அக்குடும்பத்தின் கவனத்தை முழுவதும் ஈர்த்துக்கொண்ட ஒன்று அவர்களுக்கு நேர்ந்துவிட்டது என்பதே காரணம். மடவளையிலும் நாட்டின் ஏனைய முஸ்லிம் ஊர்களிலும் ஜனாஸா வீட்டுக்கு அயலவர் சமைத்தனுப்பும் நல்வழக்கம் இந்த வழிகாட்டலின்பாற்பட்டதுதான். சத்திரசிகிச்சைக் கூடத்தின் வெளியே காத்திருக்கும் ஒரு தாயின் உள்ளமும் அதே நிலையில்தான் இருக்கிறது. அவரால் கடை தேடிப் போக முடியாது. போனாலும் பெயர் கூப்பிடுவார்களோ என்ற பதற்றம் அவரைப் பாதி வழியில் திருப்பிக் கொண்டு வந்துவிடும். மரணம் நிகழ்ந்த வீட்டுக்குச் சமைத்தனுப்பும் நாம், மரணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு ஏன் சமைப்பதில்லை? மய்யித்து வீடு நம் தெருவிலே இருக்கிறது, இக்குடும்பம் நம் தெருவில் இல்லை என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

முஸ்லிம்களின் வரலாற்றில் இது புதிய கவலையன்று. கெய்ரோவில் 1284ஆம் ஆண்டளவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி பீமாரிஸ்தான் எனும் வைத்தியசாலை, அந்நகரவாசிக்கும் தூரத்திலிருந்து வந்தவருக்கும் ஒருங்கே திறந்திருக்க வேண்டுமென வக்பு செய்யப்பட்டது. உஸ்மானியர் காலத்தில் பெரும் பள்ளிவாசல்களோடு இணைத்து இமாரத் என்ற அன்னசாலைகள் கட்டப்பட்டன. இஸ்தான்பூல் சுலைமானிய்யாப் பள்ளிவாசல் வளாகத்தில் வைத்தியசாலையும் அன்னசாலையும் ஒன்றாகவே அமைந்திருந்தன. பழம்பெருமை பேசுவது நமக்கு இலகு என்பதால் இதனை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நம் கண்முன்னே நடப்பவற்றைப் பார்ப்போம். கடல் கடந்தால் கேரளம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியருகே சி.எச். சென்டர் என்ற ஒரு நிலையம் இயங்குகிறது. 1979இல் சிறிது காலம் கேரளத்தின் முதலமைச்சராயிருந்து 1983இல் மறைந்த சி.எச். முஹம்மது கோயாவின் நினைவாக, அவரது கட்சியான முஸ்லிம் லீக்கைச் சேர்ந்தோர் அமைத்தது. நோயாளருக்கும் அவர்களோடு வந்தோருக்கும் உணவு, மருந்து, தங்குமிடம் முதலியவற்றில் அது உதவி வருகிறது. ரமழானில் நோன்பு நோற்ற துணைவர்களுக்கு நோன்பு துறக்கும் உணவும் அங்கு வழங்கப்படுகிறது.

அதே மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு, முற்றிலும் வேறு கொள்கையுடைய இளைஞர்களான இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தினர், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் ஹ்ருதயபூர்வம் என்ற பெயரில் பொதிச்சோறு வழங்கத் தொடங்கினர். பின்னர் வேறு வைத்தியசாலைகளுக்கும் அது பரவியது. இதன் முறை நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பெரிய சமையலறை இல்லை, கூலிக்குச் சமைப்பவர் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று முறை வைத்துக்கொள்கின்றனர். அன்றைய பகுதியிலுள்ள வீடுகள், தமக்கென ஆக்கும் சோற்றிலும் கறியிலும் மேலதிகமாக ஓரிரு பொதிகளை வாழையிலையில் கட்டி வைக்கின்றன. இளைஞர்கள் வீடு வீடாகச் சேகரித்து வைத்தியசாலை வாயிலில் கொடுக்கின்றனர். வாங்குபவர் எந்த வீட்டுச் சோற்றை உண்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, ஆக்கியவருக்கும் தெரியாது. அவ்வாறான ஒரு பொதிக்குள் பாடசாலைப் பிள்ளையொன்று எழுதி வைத்த சிறு குறிப்பு கேரளமெங்கும் பேசப்பட்டது. அம்மா வீட்டில் இல்லாததால் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் தானே கட்டியதாகவும், ருசி குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறும், உண்பவரின் நோய் குணமாக வேண்டுமென்றும் அப்பிள்ளை எழுதியிருந்தது. பெற்றோர்களே, அந்தப் பிள்ளைக்கு இதனை எந்தப் பாடப்புத்தகம் கற்பித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மேற்கு நாட்டிலும் இது உண்டு. 1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முதலாவது ரொனால்ட் மக்டொனால்ட் இல்லம் திறக்கப்பட்டது. லுகேமியா நோயுற்ற மகளோடு வைத்தியசாலையில் நாட்களைக் கழித்த ஒரு விளையாட்டு வீரர், ஏனைய பெற்றோர் கதிரைகளில் உறங்குவதையும் இயந்திரத்தில் காசு போட்டு வாங்கியவற்றையே உண்பதையும் கண்டதிலிருந்து அது பிறந்தது. இன்று பல நாடுகளிலுள்ள அவ்வில்லங்களுக்குத் தொண்டர் குழுக்கள் வந்து, அங்குள்ள சமையலறையிலேயே இராச்சாப்பாடு சமைத்து வைத்துவிட்டுப் போகின்றன. பெயர் ஒரு துரித உணவு நிறுவனத்தினுடையது. அந்நிறுவனத்தைப் பற்றிய நமது அபிப்பிராயம் எதுவாயினும், கதிரையில் உறங்கிய அந்தத் தகப்பனின் கண்டுபிடிப்பு உண்மையானது.

இனி மடவளைக்கு வருவோம். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை, அதனையடுத்த சிறுவர் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை ஆகிய அனைத்தும் இங்கிருந்து நண்பகலுக்குள் சென்று திரும்பக்கூடிய தூரத்தில் உள்ளன. வலீமாக்களுக்கு நூற்றுக்கணக்கானோருக்கு ஸஹன் வைக்கத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் உண்டு. ரமழான் முழுவதும் கஞ்சி காய்ச்சும் பெரிய சட்டிகள் பள்ளிவாசல்களில் உண்டு. ஷவ்வால் பிறை கண்டதும் அவை கழுவிக் கவிழ்க்கப்படுகின்றன. நமக்குக் குறைவாயிருப்பது சோறும் அன்று, சட்டியும் அன்று. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் சமைக்கும் வழக்கமே குறைவாக உள்ளது. பெருநாளிலும் வலீமாவிலும் மிஞ்சியதை அனுப்புவது நன்றே. ஆயினும், மிஞ்சியது வரும் நாளுக்காக எந்த நோயாளியின் தாயும் பசியோடு காத்திருக்க முடியாது.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இது நல்லெண்ணத்தால் மாத்திரம் நடந்துவிடும் காரியமன்று. அறுபது பேருக்கு ஒரு நேரச் சோறு என்று வைத்துக்கொள்வோம். ஆளொருவருக்குச் சுமார் 120 கிராம் அரிசி வீதம் ஏழரைக் கிலோ நாட்டரிசி, இரண்டு கிலோ பருப்பு, ஐந்தாறு கிலோ மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், ஏழெட்டுத் தேங்காய். இவ்வளவுதான். இறைச்சி வேண்டுமென்று சிலர் கூறுவர். நான் வேண்டாமென்பேன். அங்கு காத்திருப்போருள் இந்துக்கள் உள்ளனர், பௌத்தர்கள் உள்ளனர், போயா தினத்தில் மச்சம் தவிர்ப்போரும் உள்ளனர். மரக்கறிச் சோற்றை எவரும் தயங்காது கைநீட்டி வாங்குவர். அவித்த முட்டையொன்றை விரும்புவோருக்குத் தனியாகக் கொடுக்கலாம். மாட்டிறைச்சியை அறவே தவிர்ப்பது பிறர் மனத்துக்கு நாம் செய்யும் மரியாதை. சுண்டலில் மாசி போடும் நம் வீட்டுப் பழக்கத்தையும் அன்றைக்கு மட்டும் மறந்துவிட வேண்டும்.

கேரளத்து முறைப்படி வீட்டுக்கு இரண்டு பொதி சேகரிப்பதா, அல்லது ஊரில் ஓரிடத்தில் சேர்ந்து சமைப்பதா என்ற கேள்வி எழும். வீட்டுப்பொதி முறையின் அழகை மறுக்க முடியாது. எனினும், நமது நிலைமைக்கு ஒரே சமையலறையே பொருத்தம் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, சமைத்த உணவை சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. அல்லது 60 பாகை செல்சியசுக்கு மேல் ஆவி பறக்கும் சூட்டிலே வைத்திருக்க வேண்டும். பாடசாலைக்கும் வேலைக்கும் ஆட்களை அனுப்பிவிட்டு ஏழு மணிக்குக் கட்டி வைத்த பொதி, பன்னிரண்டரைக்கு உண்ணப்படும்போது ஐந்தரை மணித்தியாலம் கடந்திருக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி நம் உஷ்ணத்தில் அதற்குள் கெட்டுவிடலாம். சோற்றிலே வளரும் சில கிருமிகளின் நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. துணைவருக்கென நாம் கொடுத்த சோற்றில் ஒரு பிடியை அவர் தம் நோயாளிக்கு ஊட்டிவிடுவார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. சத்திரசிகிச்சை செய்தவருக்கும், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கும் ஒரு வயிற்றோட்டம் சாதாரண விடயமன்று. ஆகவே, பத்தரை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கி, பதினொன்றுக்குள் கட்டி, பன்னிரண்டரைக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். பச்சைத் தேங்காய்ச் சம்பல் வேண்டாம். வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டவர் குணமாகி இரண்டு நாட்கள் கழியும்வரை சமையலறைப் பக்கம் வரலாகாது, அவர் ஊரின் மிகச் சிறந்த சமையற்காரராயினும் சரியே.

வெசாக் காலத்தில் தன்சல் நடத்துவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு செய்வதை நாம் அறிவோம். நாமும் நமது பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கு அறிவித்து, சமையலறையைப் பரிசோதிக்குமாறு கேட்டுக்கொள்வதே முறை. வைத்தியசாலைப் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதியின்றி உள்ளே ஒரு பொதியும் கொடுக்கலாகாது. எந்த இடத்தில் நின்று கொடுப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பொலித்தீன் லன்ச் ஷீட்டுகள் 2017 செப்டெம்பர் முதல் நாட்டில் தடை செய்யப்பட்டவை. வாழையிலை இருக்கும் ஊரில் அதற்குக் கவலையுமில்லை.

இளைஞர்களே, இப்போது உங்களிடம் தனியாக ஒரு விடயம் சொல்ல வேண்டும். சோற்றுப் பொதியைக் கொடுப்பது அரைவாசி வேலை. கிழக்கிலிருந்து வந்த பலருக்குச் சிங்களம் வாசிக்க வராது. கிளினிக் புத்தகத்தில் எழுதியிருப்பது என்ன, மருந்தகம் எந்தத் திசையில் இருக்கிறது, தாதி சொல்லிவிட்டுப் போனதன் பொருள் என்ன என்று தெரியாமல் அவர்கள் அரை நாளை அலைந்தே கழிப்பர். மடவளையிலே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இரு மொழியும் தெரியும். பொதியை நீட்டும்போது, நானா, ஏதும் வாசிக்க வேண்டியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வயதான தாயாயின், உம்மா என்று அழையுங்கள். நோய் என்ன, எத்தனை நாளாக, வைத்தியர் கைவிட்டுவிட்டாரா என்றெல்லாம் துருவிக் கேட்காதீர்கள். அவர் சொன்னால் கேளுங்கள். மார்க்கப் பிரசாரத்துக்கு அது இடமுமன்று. அத்தஹ்ர் அத்தியாயம் புகழும் நல்லோர், ஏழைக்கும் அநாதைக்கும் உணவளித்ததோடு சிறைப்பட்டவருக்கும் அளித்தனர். அக்காலத்துக் கைதிகள் முஸ்லிமல்லாதோர் என்பதை விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அந்நல்லோர் கூலியையும் எதிர்பார்க்கவில்லை, நன்றியையும் எதிர்பார்க்கவில்லை.

நன்றியை எதிர்பார்க்காதவர் புகைப்படத்தையும் எதிர்பார்க்கலாகாது. கையில் சோற்றுப் பொதியோடு கலங்கிய கண்களுடன் நிற்கும் ஒருவரின் படம் முகநூலில் ஏறுமாயின், அவருடைய ஊரில் அவரது பிள்ளைகளின் பாடசாலைத் தோழர்களும் அதனைப் பார்ப்பர். தர்மத்தைச் சொல்லிக்காட்டுதலாலும் நோவினையாலும் பாழாக்கிவிட வேண்டாமென அல்பகரா அத்தியாயம் எச்சரிப்பது இதனையும் உள்ளடக்கும் என்றே நான் கருதுகிறேன். கணக்கு எழுதுவதற்குப் பொதிகளின் எண்ணிக்கை போதும், முகங்கள் தேவையில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நாம் கண்ட வன்செயல்களுக்குப் பின்னர், நமது நற்பணிகளை ஏனைய சமூகத்தவர் காணும்படி செய்ய வேண்டுமென்று சொல்வோர் உள்ளனர். அவர்களது நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், பசித்தவரின் முகத்தை நமது நற்சான்றிதழாக்க நமக்கு உரிமையில்லை.

பெற்றோருக்கு ஒரு தயக்கம் உண்டு. க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் என்று பிள்ளையின் நேரம் முழுவதும் வகுப்புகளில் கழிகிறது, இதற்கு எங்கே நேரம் என்று கேட்பர். நியாயமான கேள்வியே. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை ஏழு முதல் நண்பகல் ஒன்று வரை என்றால் ஆறு மணித்தியாலங்கள். முப்பது பிள்ளைகளை ஆறு குழுவாகப் பிரித்தால், ஒரு பிள்ளையின் முறை அரையாண்டுக்கு ஒருமுறையே வரும். இத்தோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். சமைப்பது உம்மாமாரும் தாத்தாமாரும், கொண்டு போய்க் கொடுத்துப் பெயர் வாங்குவது ஆண் பிள்ளைகள் என்ற ஏற்பாட்டைத் தயவு செய்து வைக்க வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரழி) அவர்களே அறிவித்துள்ளார்கள். நம் மகன்மாரும் வெங்காயம் உரிக்கட்டும், சட்டி கழுவட்டும்.

ஆரம்பத்தில் கிழமைக்கு ஒரு நாள் போதுமானது. ஒரு நாளை எடுத்தால் அந்த நாளைத் தவறவிடாதிருக்க வேண்டும். மழையாயினும், ஊரில் கலியாணமாயினும், அன்று சோறு வரும் என்று அறிந்த ஒருவர் அந்த நாளுக்குரிய கடைச் சோற்றுக் காசை மருந்துக்குச் செலவழித்துவிட்டிருப்பார். ஊரில் நாலைந்து ஜமாஅத்துகள் இருந்தால் தலைக்கொரு நாளைப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒரே நாளில் ஐவரும் சென்று வாயிலில் நிற்கத் தேவையில்லை.

முதல் தடவை செல்லும்போது சோறு கொண்டு போக வேண்டாம். உங்களில் நால்வர் அனுமதி கேட்கச் செல்லும் அந்த நாளிலேயே, நண்பகலில் வாயிலருகே ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். பயணப் பையோடு இருப்பவர் எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் எத்தனை, கைக்குழந்தையோடு இருப்பவர் எத்தனை, உட்கார இடமுண்டா, கை கழுவக் குழாய் உண்டா, வெறும் இலையையும் எச்சிலையும் போட எங்கே தொட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். சட்டியின் அளவை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.